பழைய ஹோம் கம்ப்யூட்டர்களை இன்றைய கணினியில் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1982-ல் வந்த கொமடோர் 64-ன் செயலி விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் துடிப்புகளில் ஓடியது. இன்றைய சாதாரண லேப்டாப்புக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. அப்படியிருந்தும் எமுலேட்டரை (பழைய மெஷினைப்போல நடிக்கும் மென்பொருளை) இறக்கி, கிடைத்த ஒரு கேமைத் திறந்து பார்ப்பவர்களில் பலர் கொஞ்ச நேரத்திலேயே சலித்துப்போய் மூடிவிடுகிறார்கள். பாட்டு இழுக்கிறது, திரை துள்ளுகிறது, லோடிங் பாதியில் நிற்கிறது, ஒரு கீயை அமுக்கினால் வேறு எழுத்து வருகிறது.

இதில் கணினியின் வேகத்துக்குச் சம்பந்தமே இல்லை. எந்த மெஷினைப்போல நடிக்க வேண்டும் என்று எமுலேட்டருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கொமடோர் 64 என்று ஒரே பெயரில் விற்றாலும் ஐரோப்பாவில் விற்றது ஒன்று, அமெரிக்காவில் விற்றது இன்னொன்று. ஒலிச் சிப்பில் இரண்டு ரகம், டிஸ்கில் ஓடுவது ஒன்று, கேசட்டில் ஓடுவது ஒன்று. இந்தத் தேர்வுகளைச் சரியாகச் செய்துவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தலைகாட்டாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தத் தேர்வுகளைப் பற்றித்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எண்களும் குறிகளும் இருப்பது இருந்தபடியே.

படி 1: ஒரே ஒரு மெஷினோடு தொடங்குங்கள்

எல்லா மெஷினையும் ஒரே கூரையின்கீழ் ஓட்டும் மேம், ரெட்ரோஆர்க் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. முன்பு ஹோம் கம்ப்யூட்டர்களுக்கென்று தனியாக இருந்த மெஸ் என்ற திட்டம் 2015-ல் மேமோடு சேர்ந்துவிட்டதால், மேமில் இல்லாத மெஷினைத் தேடுவதுதான் கஷ்டம். ஆனாலும் புதிதாக வருபவருக்கு இவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை. ஏதாவது தவறினால் தவறு மெஷினிலா, ஃபைலிலா, மேலே போர்த்தியிருக்கும் மெனுவிலா என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

ஒரே குடும்பத்துக்கென எழுதப்பட்ட எமுலேட்டரை எடுங்கள். கொமடோர் 64-க்கு வைஸ், இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்துக்கு ஃப்யூஸ். இரண்டும் இலவசம், இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கையேடும் உதவியும் ஏராளம். இந்த இரண்டில் ஒன்றைப் பழகிவிட்டால் அமீகா, அடாரி, எம்எஸ்எக்ஸ் என்று தாவுவது சுலபம்.

படி 2: ரோம் விவகாரம்

பழைய மெஷினை ஆன் செய்த உடனே பேசிக் என்ற நிரல்மொழியின் திரை வருவதற்குக் காரணம், உள்ளே ரோம் சிப்பில் நிரந்தரமாகப் பதிந்திருந்த மென்பொருள். எமுலேட்டருக்கும் அது வேண்டும். அந்த மென்பொருளுக்கு இன்னும் உரிமையாளர் உண்டு. மெஷின் விற்பனை நின்று பல வருடம் ஆனதாலேயே உரிமை காலாவதியாகிவிடாது. “கைவிடப்பட்ட மென்பொருள்” என்று பலர் சொல்வது வழக்கில் இருக்கும் பேச்சுதானே தவிர, சட்டத்தில் அப்படியொரு வகை கிடையாது.

நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஸ்பெக்ட்ரத்தில் சிக்கல் இல்லை. 1986-ல், ஸ்பெக்ட்ரத்தைத் தயாரித்த சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ரோமை எமுலேட்டர்களோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி தந்துவிட்டது. வைஸில் கொமடோர் ரோம்கள் கூடவே வரும். அமீகாவில்தான் கவனம் தேவை. அதன் கிக்ஸ்டார்ட் ரோம், க்ளோவான்டோ விற்கும் அமீகா ஃபாரெவர் தொகுப்பில் முறையாகக் கிடைக்கிறது. ரோம் வாங்காமல் ஓட்டிப் பார்க்க மாற்றுகளும் உண்டு. அமீகாவுக்கு ஆரோஸ், அடாரி எஸ்டிக்கு எமுடாஸ், எம்எஸ்எக்ஸுக்கு சி-பயாஸ். எட்டு பிட் அடாரிக்கான ஆல்டிரா எமுலேட்டர் தன்னுடைய சொந்த ரோமையே வைத்திருக்கிறது. சி-பயாஸில் பேசிக் கிடையாது. கார்ட்ரிஜ் கேம்களுக்கு அது போதும், நிரல் எழுதிப் பழக உதவாது.

கேம்களைப் பொறுத்தவரை, உங்களிடம் இருக்கும் டிஸ்க், கேசட்டுகளின் நகல்கள், ஆசிரியர்களே இலவசமாக வெளியிட்டவை, இன்றும் புதிதாக எழுதி விற்கப்படுபவை என்று நேர்வழியில் கிடைப்பதே நிறைய. இந்த மெஷின்களுக்குப் புதுக் கேம் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

படி 3: வைஸை நிறுவி, மெஷின் சரியாக ஓடுகிறதா என்று சோதியுங்கள்

வைஸ் தொகுப்பில் பல நிரல்கள் இருக்கும். பெட், விக்-20, 128 என்று ஒவ்வொரு கொமடோருக்கும் ஒன்று. 64-க்கு எக்ஸ்64எஸ்சி என்பதைத் திறங்கள். அதுதான் ஒவ்வொரு துடிப்பையும் துல்லியமாகக் கணக்குவைக்கும் வடிவம்.

நீலத் திரையில் “38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ” என்று வரும். 64 கேபி ராம் இருக்கும் மெஷினில் ஏன் 38911 மட்டும்? பேசிக், இயக்க நிரல், உள்ளீடு வெளியீட்டுச் சிப்புகள் எல்லாம் அதே 64 கேபி முகவரிப் பரப்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பேசிக்குக் கிடைப்பது 2049-லிருந்து 40959 வரை. இந்த எண் வந்தால் ரோம்கள் சரியாக ஏறிவிட்டன என்று அர்த்தம்.

அடுத்து கேமைத் திறக்க அவசரப்படாமல் ஒரு சின்னச் சோதனை. டிஐ$="000000" என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். அது மெஷினின் உள்கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு பிரிண்ட் டிஐ$ என்று கேளுங்கள். 000100 அல்லது அதை ஒட்டி ஒரு விநாடி முன்பின் வந்தால் வேகம் சரி. ரொம்பத் தள்ளி வந்தால் இரண்டே காரணம்: வார்ப் மோட் (மெஷினை முடிந்த அளவு வேகமாக ஓட்டும் வசதி) ஆனில் இருக்கிறது, அல்லது உங்கள் கணினி மின்சேமிப்பு நிலையில் மூச்சுவாங்குகிறது. ஆல்ட்+டபிள்யூ அமுக்கினால் வார்ப் மாறும்.

கீபோர்டையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். வைஸ் அமைப்புகளில் கீபோர்டுக்கு இரண்டு முறைகள் உண்டு. சிம்பாலிக் என்றால் உங்கள் கீயில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுவே திரையில் வரும். பொசிஷனல் என்றால் அசல் கொமடோரில் அந்த இடத்தில் என்ன கீ இருந்ததோ அது வரும். இந்த முறையில் மேற்கோள் குறிக்கு ஷிஃப்ட்+2. நிரல் அடிக்க சிம்பாலிக், கேம் ஆட பொசிஷனல் என்று வைத்துக்கொள்ளலாம். ரன்/ஸ்டாப் கீக்கு எஸ்கேப், ரீஸ்டோருக்கு பேஜ் அப், கொமடோர் கீக்கு இடது கன்ட்ரோல்.

படி 4: டிஸ்க் இமேஜ்

டிஸ்கின் நகல் டி64 என்ற ஃபைலாக வரும். 35 டிராக், 683 பிளாக், மொத்தம் 174,848 பைட். இறக்கிய ஃபைல் இதைவிடச் சின்னதாக இருந்தால் இறக்கும்போதே அறுந்துபோயிருக்கலாம்.

ஃபைலை நேராக வைஸ் ஜன்னலில் இழுத்துப் போட்டால் தானே ஓடத் தொடங்கும். ஆனால் ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள். ஆல்ட்+8 அழுத்தி இமேஜை எட்டாம் எண் டிரைவில் இணைத்து, லோட்"$",8 என்று அடியுங்கள். ரெடி என்று வந்ததும் லிஸ்ட். டிஸ்கில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக வரும். இந்தப் பட்டியலும் ஒரு பேசிக் நிரல்போலத்தான் நினைவகத்தில் ஏறுகிறது, அதனால் அதற்கு முன்னால் நீங்கள் அடித்து வைத்திருந்த நிரல் போயே போய்விடும். பிறகு லோட்"*",8,1 அடித்தால் முதல் ஃபைல் ஏறும். கடைசியில் இருக்கும் அந்த 1, ஃபைலிலேயே குறித்திருக்கும் முகவரியில் ஏற்றச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் பேசிக் பகுதியில் ஏறும். பேசிக்கில் எழுதாத கேம்கள் பல இதனால்தான் ஓடாமல் நிற்கும்.

லோடிங் பாதியில் உறைந்து போவதற்கு வேறொரு காரணம் உண்டு. கொமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் என்பது உள்ளே சொந்தமாக ஒரு 6502 செயலியும், 2 கேபி ராமும், தனக்கென்று ரோமும் வைத்திருந்த ஒரு முழுக் கணினி. சாதாரணமாக அது விநாடிக்கு 300, 400 பைட் அளவில்தான் மெயின் மெஷினுக்கு அனுப்பும். இந்த ஆமை வேகத்தைச் சகிக்க முடியாத கேம் நிறுவனங்கள், டிரைவின் ராமுக்குள்ளேயே தங்கள் நிரலை அனுப்பி, அதன் செயலியைத் தங்கள் தாளத்துக்கு ஆடவைத்தன. அதுதான் ஃபாஸ்ட்லோடர். இரண்டு செயலிகளும் ஒன்றோடொன்று மைக்ரோ விநாடிக் கணக்கில் ஒத்துப்போனால்தான் அது வேலை செய்யும்.

எமுலேட்டர் டிரைவைப் பாவனையாக மட்டும் காட்டினால், அதாவது ஃபைலைக் கேட்டதும் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டால், அந்த நிரல் போய் உட்கார இடமே இல்லை. ஆகவே டிரைவ் அமைப்பில் ட்ரூ டிரைவ் எமுலேஷன் ஆனில் இருக்கட்டும். நேரமாகிறது என்று அதை அணைக்காதீர்கள். வேகம் வேண்டுமென்றால் லோடிங்கின்போது மட்டும் வார்ப் போடுங்கள். வார்ப்பில் இரண்டு செயலிகளும் சேர்ந்தே வேகமெடுக்கும், ஒத்திசைவு கெடாது.

அப்படியும் ஓடாவிட்டால் நகல் தடுப்பு காரணமாக இருக்கலாம். சாதாரண டி64-ல் டிஸ்கின் தகவல் மட்டும்தான் இருக்கும். வேண்டுமென்றே செய்துவைத்த பிழைகளும் விசித்திர டிராக்குகளும் அதில் அடங்காது. அவற்றையும் பதிவுசெய்த வடிவம் ஜி64. அசல் டிஸ்க் கேம் என்றால் ஜி64 இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஆப்பிள் டூவில் இதே வேலையை வோஸ் வடிவமும், அமீகாவில் ஐபிஎஃப் வடிவமும் செய்கின்றன.

படி 5: கேசட், அதாவது ஸ்பெக்ட்ரம்

ஃப்யூஸைத் திறந்து 48கே மெஷினைத் தேர்ந்தெடுங்கள். கேசட் ஃபைலைத் திறந்தாலே தானாக ஓடும். ஆனால் ஸ்பெக்ட்ரத்தின் கீபோர்டை அனுபவிக்காமல் ஸ்பெக்ட்ரம் தெரியும் என்று சொல்ல முடியாது. 48கே மெஷினில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை. ஒரு கீயைத் தட்டினால் முழுச்சொல்லே வந்துவிடும். ஜே கீ தட்டினால் லோட். கன்ட்ரோலைப் பிடித்தபடி பி கீயை இரண்டு முறை தட்டினால் இரண்டு மேற்கோள் குறிகள். என்டர். அவ்வளவுதான் லோட் "".

இப்போது டேப்பை ஓடவிட்டால் திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த பட்டைகள் உருளும். அது முன்னோட்ட ஒலி. பட்டைகள் மெலிந்து நீலமும் மஞ்சளுமாக மாறினால் தகவல் ஏறுகிறது. பெரிய 48கே கேம் ஏற நாலைந்து நிமிடம் பிடிக்கும். ஃப்யூஸின் வேக லோடிங் வசதிகள் ஆனில் இருந்தால் இது எதுவும் கண்ணில் படாது, சில விநாடிகளில் கேம் வந்து நிற்கும். ஒருமுறை அவற்றை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. படம் மேலிருந்து மூன்று பகுதிகளாக, வரிகள் முன்னும் பின்னுமாக நிரம்பும். ஸ்பெக்ட்ரத்தின் 6912 பைட் திரை நினைவகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று எந்தப் பாடத்தையும்விட அது தெளிவாகக் காட்டிவிடும். முதலில் 6144 பைட் புள்ளிகள் கறுப்பு வெள்ளையாக வந்து, கடைசி 768 பைட்டில் வண்ணம் பூசிக்கொள்ளும். எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்கு இரண்டு வண்ணம்தான். கேமில் இரண்டு உருவங்கள் உரசும்போது வண்ணம் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொள்வது எமுலேட்டரின் குறை இல்லை, அசல் மெஷினே அப்படித்தான்.

“ஆர் டேப் லோடிங் எரர்” என்று வந்தால் ஃபைல் வடிவத்தைப் பாருங்கள். டிஏபி என்ற ஃபைல் வடிவத்தில் ரோமின் சாதாரண முறையில் பதிந்தவை மட்டும் அடங்கும். தனி வேகத்தில், தனிப் பாதுகாப்போடு வந்த கேசட்டுகளுக்கு ஒலியின் நேர அளவுகளையும் பதிவுசெய்த டிஇசட்எக்ஸ் வடிவம் வேண்டும். பாட்டே வராமல் கேம் மட்டும் ஓடினால் அது 128கே-க்கு எழுதப்பட்டதாக இருக்கலாம். மெனுவில் 128-ஐத் தேர்ந்தெடுத்து மறுபடியும் ஏற்றுங்கள்.

படி 6: 50-ஆ 60-ஆ

இதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். அந்தக் காலத்து மெஷின்கள் தொலைக்காட்சியோடு இணைந்து ஓடியவை. ஐரோப்பிய பால் (PAL) முறையில் விநாடிக்கு 50 படம், அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் 60. கொமடோர் 64-ல் பால் மெஷின் ஒரு படத்துக்கு 312 கோடுகள், கோட்டுக்கு 63 துடிப்புகள் என்று 19,656 துடிப்புகளைத் தருகிறது. என்டிஎஸ்சியில் 263 கோடு, 65 துடிப்பு, மொத்தம் 17,095. ஒரு படம் வரைவதற்குள் எல்லா வேலையையும் முடிக்கும்படி கணக்குப் போட்டு எழுதிய ஐரோப்பிய நிரலை அமெரிக்க மெஷினில் போட்டால், அதற்கு நேரம் பத்தாமல் திரை கிழியும், அல்லது பாட்டு வேகமாக ஓடும். எதிர்ப்பக்கம் போனால் எல்லாமே மந்தமாகும்.

ஆகவே கேம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து மாடலை மாற்றுங்கள். டெமோக்கள் (மெஷினின் திறமையைக் காட்ட எழுதிய படமும் பாட்டும்) என்றால் கண்ணை மூடிக்கொண்டு பால். அந்தக் கலை வளர்ந்தது பெரும்பாலும் ஐரோப்பாவில்தான்.

மாடல் சரியாக இருந்தும், பக்கவாட்டில் நகரும் காட்சி விட்டுவிட்டு இழுத்தால் காரணம் உங்கள் மானிட்டர். 50 படத்தை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால், விநாடிக்குப் பத்துப் படம் இரண்டு தடவை வந்தாக வேண்டும். மானிட்டரை 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைக்க முடிந்தால் வையுங்கள். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போன்ற வசதி இருந்தால் அது தானாகவே ஈடுகொடுக்கும். இரண்டும் இல்லையா, பழகிக்கொள்ள வேண்டியதுதான். எந்த ஃபில்டரும் இதைச் சரிசெய்யாது.

படி 7: ஜாய்ஸ்டிக், படம், ஒலி

கொமடோர் 64 கேம்களில் பெரும்பாலானவை இரண்டாம் போர்ட்டைத்தான் பார்க்கும். ஜாய்ஸ்டிக் அசையவில்லையென்றால் ஆல்ட்+ஜே அமுக்கி போர்ட்டை மாற்றுங்கள். முதல் போர்ட்டின் கம்பிகள் கீபோர்டோடு பகிர்ந்தவை என்பதால், பேசிக் திரையில் அந்த ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் தன்னால் எழுத்துகள் விழும். பயப்பட வேண்டாம். ஸ்பெக்ட்ரத்தில் கெம்ப்ஸ்டன், சின்க்ளேர், கர்சர் என்று ஜாய்ஸ்டிக் வகைகள் உண்டு. கேமின் மெனுவில் என்ன தேர்ந்தெடுத்தீர்களோ அதையே எமுலேட்டரிலும் வையுங்கள்.

அமுக்கிய பிறகு சற்றுத் தாமதமாகக் குதிப்பதுபோல் தோன்றினால் ஒலி பஃபரை (ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் அளவை) குறையுங்கள். கரகரப்பு கேட்கும்வரை குறைத்து, அதிலிருந்து ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். டிவியில் ஓட்டினால் கேம் மோட் அவசியம். ப்ளூடூத் ஹெட்ஃபோனை எடுத்துவிடுங்கள்.

படம் என்று வந்தால், திரையை நிரப்ப அகலவாக்கில் இழுக்காதீர்கள். அந்தக் காலத்து புள்ளிகள் சதுரமாக இல்லை என்பதால், மெஷினின் விகிதத்தைக் காக்கும் வசதியை ஆன் செய்வதே முறை. பழைய டிவி போன்ற கோடுகள் காட்டும் ஃபில்டரை லேசாக வைத்தால் அழகு. நிறைய வைத்தால் கண்ணாடி ஜாடிக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருக்கும்.

கொமடோர் ஒலிக்கு இன்னொரு தேர்வு உண்டு. சிட் என்ற ஒலிச் சிப்பில் பழையது 6581, பின்னால் வந்தது 8580. பழையதின் ஃபில்டர் ஒலி கனமானது, சிப்புக்குச் சிப்பு மாறக்கூடியது. ஒலியளவுப் பதிவேட்டை ஆட்டிப் பேச்சுக்குரலையும் டிரம் சத்தத்தையும் வரவழைத்த தந்திரம் 6581-ல் சத்தமாகக் கேட்கும், 8580-ல் முனகலாகிவிடும். 1980-களின் நடுவில் வந்த கேம் என்றால் 6581 வைத்துக் கேளுங்கள்.

அமைப்புகளையெல்லாம் ஒருவழியாகச் சரிசெய்த பிறகு சேமிக்க மறக்காதீர்கள். வெளியேறும்போது தானாகச் சேமிக்கும் வசதியும் வைஸில் உண்டு.

படி 8: சொந்தமாக எழுதுவதும் சேமிப்பதும்

மெனுவில் காலி டிஸ்க் இமேஜ் ஒன்றை உருவாக்கி இணைத்துவிட்டு, சேவ்"பெயர்",8 என்று அடித்தால் உங்கள் நிரல் அதில் சேரும். வெளியிலிருந்து நிரலை ஒட்டலாம். ஆனால் கொமடோரில் ஒட்டும்போது எல்லாம் சின்ன எழுத்தாக இருக்கட்டும். பெரிய எழுத்துகள் ஷிஃப்டோடு அடித்ததாகக் கருதப்பட்டு விநோதக் குறிகளாகிவிடும்.

ஸ்னாப்ஷாட் என்பது அந்தக் கணத்தில் மெஷின் முழுவதையும் அப்படியே பிடித்துவைப்பது. கேமில் கஷ்டமான இடத்துக்கு முன்னால் எடுத்துவைக்க வசதி. ஆனால் எமுலேட்டரின் அடுத்த பதிப்பில் அது திறக்காமல் போகலாம். உங்கள் நிரலுக்கு ஸ்னாப்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். அசல் டிஸ்க் இமேஜ்களை எழுதமுடியாதபடி பூட்டிவிட்டு, நகலில் மட்டும் ஆடுங்கள். ஸ்கோர் எழுதப்போய் ஒரு கேம் தன் இமேஜையே மாற்றிவிடுவது சகஜம்.

மற்ற மெஷின்களில் முதல் அடி

பழகியவருக்கு இவை சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் தெரியாவிட்டால் காலி திரையைப் பார்த்து உட்கார வேண்டிவரும். பிபிசி மைக்ரோவில் டிஸ்கை இணைத்து ஷிஃப்டைப் பிடித்தபடி பிரேக். ஆம்ஸ்ட்ராட் சிபிசியில் கேட் என்று அடித்தால் பட்டியல், பிறகு ரன்"ஃபைல் பெயர்". எட்டு பிட் அடாரி எக்ஸ்எல் வகையில், ஆப்ஷன் கீயைப் பிடித்தபடி ஆன் செய்தால்தான் பேசிக் விலகி டிஸ்க் கேம்கள் பலவும் ஓடும். ஆப்பிள் டூவில் பிஆர்#6 என்றால் ஆறாம் ஸ்லாட்டின் டிஸ்கிலிருந்து ஓடும்.

அமீகாவில் எஃப்எஸ்-யூஏஇ அல்லது வின்யூஏஇ எடுத்து, அமீகா 500, கிக்ஸ்டார்ட் 1.3, 512 கேபி சிப் ராமும் 512 கேபி கூடுதல் ராமும் என்று வையுங்கள். 1990-க்கு முன்பு வந்த கேம்களில் பெரும்பான்மை இதிலேயே ஓடும். ஏஜிஏ (அமீகாவின் பிந்தைய படச் சிப்புகள்) என்று குறித்திருந்தால் 1992-ல் வந்த அமீகா 1200-க்கு மாற்றுங்கள். “சக்திவாய்ந்த மாடல் எதையும் ஓட்டும்” என்ற நினைப்பு இங்கே உதவாது. வேகமான செயலியையும் கூடுதல் ராமையும் கண்டால் படுத்துவிடும் பழைய கேம்கள் நிறைய.

உங்களிடமே இருக்கும் கேசட்டும் டிஸ்க்கும்

பெட்டியில் பழைய கேசட்டுகள் இருந்தால், ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்கு இணைத்து, 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ, வேவ் ஃபைலாகப் பதிவுசெய்யுங்கள். எம்பி3 கூடாது. காதுக்குத் தெரியாத நுணுக்கங்களை அது கழித்துவிடும், அவற்றில்தான் தகவலே இருக்கிறது. ஒலி மந்தமாக இருந்தால் டேப் ஹெட்டின் பக்கத்திலிருக்கும் சிறிய திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கீச்சொலி கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒலியை டிஏபி ஃபைலாக்க ஃப்யூஸின் துணைக் கருவிகளில் ஆடியோ2டேப் இருக்கிறது.

டிஸ்க்குக்கு இரண்டு வழிகள். உங்களிடம் ஓடும் 1541 டிரைவே இருந்தால், அதை யூஎஸ்பி வழியாக இணைக்கும் ஜூம்ஃபிளாப்பி. இல்லையென்றால் ஒரு பிசி ஃபிளாப்பி டிரைவும் கிரீஸ்வீசல் என்ற சிறு போர்டும். அது டிஸ்கில் என்ன ஃபைல் இருக்கிறது என்று கவலைப்படாமல், காந்த மாற்றங்களின் நேரத்தையே பதிந்துவைக்கும், பிறகு எந்த வடிவத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். படிக்கத் தொடங்கும் முன் 5.25 அங்குல டிஸ்கின் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடிவிடுங்கள், தவறிக்கூட எதுவும் எழுதப்படாது. டிஸ்கின் நடுத்துளை வழியாகச் சுழற்றி, வெளியே தெரியும் பரப்பை வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலான வட்டங்களோ வெள்ளைப் பொட்டுகளோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த டிஸ்க்குகளையும் கீறும், ஆகவே அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, சுத்தமாக இருப்பவற்றை முதலில் படித்து முடியுங்கள்.